புகை என்ன நிறம், சம்பந்தி?

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. சத்தமாப் பேச முடியாதுங்க. அங்கே முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, மயில்கழுத்து நிறத்துல சேலை, மடியில வெந்நீர் பிளாஸ்க். அவங்க என் சம்பந்தியம்மா. என் மகளுக்கு மாமியார். இந்த பஸ் இரைச்சல்லயும் நான் பேசறது அவங்களுக்குக் கேக்கும். பாம்புக் காது.

ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சேலை நிறம் சொல்றானே இந்தக் கிழவன்னு சிரிக்கறீங்க. சிரிங்க. அதுக்கும் காரணம் இருக்குதுங்க, வருது.

கோயமுத்தூருக்குத்தான் போறோம். எனக்குத் துணையா அவங்க வர்றதா வீட்ல பேச்சு. நிஜத்துல பார்த்தா அவங்களுக்கு நான்தான் துணை. பதினாலு ஏக்கர் தோப்பை ஒத்தை ஆளா நிர்வாகம் பண்றவங்கதான், டிராக்டர் ஓட்டறவங்கதான், இல்லைன்னு சொல்லலை. இருந்தாலும் பொம்பளை தனியா டவுனுக்குப் போயிட்டு வர முடியுங்களா?

நமக்கு முன்னால போற அந்த மினி வேன் புகையைப் பார்த்தீங்களா? என்ன நிறம்? நீங்களே சொல்லுங்க. கருப்பு. சரியாச் சொன்னீங்க. உங்களுக்கு வயசு இருக்கு, கண்ணு இருக்கு. டீசல் வண்டிக்கு அது சகஜம். ஆனா பழைய பெட்ரோல் கார் இருக்குதே, அதோட வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு புகையைப் பார்த்தே சொல்லிப்போடலாம். கருப்பாப் போனா பெட்ரோலை அள்ளி அள்ளிக் குடிக்குது, மூச்சுக் காத்துப் பத்தலை. ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லாட்டி சோக் மாட்டிக்கிட்டிருக்கும். வெள்ளையா விடாமப் போனா தண்ணி உள்ளே இறங்குது, எஞ்சினுக்கு மேல் மூடி இருக்குதில்ல, ஹெட்டு, அதுக்கு அடியில போடற கேஸ்கட் போச்சு. நீலமாப் போனா ஆயில் எரியுது. மூணே மூணுதான். அஞ்சாவது வரைக்கும் படிச்ச எனக்கே இது போதுமானதா இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் டாக்சி ஓட்டினவன் நான். ஆனைமலையில நாச்சிமுத்து டாக்சின்னு கேட்டுப் பாருங்க. அடுத்தவன் வண்டி புகையைப் பார்த்து நான் சொன்னது ஒண்ணுகூடத் தப்பினதில்லை.

என் வண்டி புகைதான் தப்பிப்போச்சு.

ஏன்னா, ஓட்டறவனுக்குத் தன் புகை தெரியாதுங்க. அது பின்னால போகுது, இவன் முன்னால பார்த்துட்டுப் போறான். இதை நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவேன், பெரிய கண்டுபிடிப்பாட்ட. சம்பந்தியம்மாகிட்டயும் ஒருநாள் சொல்லித் தொலைச்சேன். சொல்லியிருக்கக் கூடாது. அவங்க ஒரு பேச்சைக் காதுல வாங்கினா விதைநெல்லாட்டப் பத்திரமா வெச்சிருந்து, வேண்டியப்ப எடுப்பாங்க.

டாக்சித் தொழிலை விட்டு அஞ்சாறு வருஷம் ஆச்சுங்க. வண்டியை மட்டும் விடலை. எழுபத்தெட்டு மாடல், தந்த நிறம், சோபாவாட்ட சீட்டு. என் ஒரே மக கோகிலா பொறந்தப்ப பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில இருந்து அவளை அந்த வண்டியிலதான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். கல்யாணத்தன்னைக்கு அதே வண்டியில உடுமலைக்கு அந்தாண்ட அவங்க ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். அதனால, அவ மாசமா இருக்கறாங்கற சேதி வந்ததும் நான் முதல்ல போய்த் தொட்டது வண்டியைத்தான். எங்க பக்கம் கட்டுச்சோறு விருந்துன்னு ஒண்ணு உண்டுங்க. ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டி எடுத்துட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும். பந்தி போட்டு, வளையல் அடுக்கி, பொண்ணைப் பிரசவத்துக்குக் கையோட கூட்டிட்டு வரணும். என் மகளை என் வண்டியில, என் கையால ஓட்டிக் கூட்டிட்டு வரணும். எனக்கு வேற ஆசையே இல்லைங்க. இன்னைக்கும் அதுதான்.

விருந்துக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப உடுமலையில ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். முடிச்சுட்டு, சம்பந்தியம்மாவை வீட்ல விட்டுட்டுப் போறேன்னு நானே வலியப் போய் ஏத்திக்கிட்டேன். பின் சீட்டுல ராணியாட்ட உக்காந்திருந்தாங்க. மத்தியானம் மூணு மணி இருக்கும். அந்தச் சமயமெல்லாம் எனக்கு ரோடு கொஞ்சம் மங்கலாத் தெரியும். எதனாலன்னு எனக்குத்தான் தெரியுமே: வண்டி புகையடிக்குது, புகை தரை ஓட்டை வழியா உள்ளே ஏறி மூஞ்சிக்கு முன்னால சுத்துது. தரைக்கு ரப்பர் மேட் போட்டேன், கதவு இடுக்குக்கு ரப்பர் பீடிங் மாத்தினேன். முன் கண்ணாடியைப் புதுசாவே மாத்திப்போட்டேன். எதிர்ல வர்ற வண்டி லைட்டெல்லாம் ஆரஞ்சுப் பழத்தைப் பிழிஞ்சு விட்டாட்டப் படர்ந்து தெரிஞ்சுச்சு. இப்பத்த லைட்டுக்குத் தரமில்லைன்னு நானே தீர்ப்புச் சொல்லிக்கிட்டேன். எங்க வீட்டு டியூப்லைட்டையே மூணு தடவை மாத்தியாச்சு, கரண்டு கம்மியா வருதுன்னு. என் வீட்டுக்காரி மயிலாத்தா மட்டும், "ஏனுங்க, எனக்கு நல்லாத்தான தெரியுது"ன்னு சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு அப்படிப் போயிட்டிருக்கறப்ப சக்கரத்துக்கு அடியில சடசடசடன்னு சத்தம். ரோடு நெடுக கொப்பரை காயப்போட்டிருக்கறான் எவனோ. பிரேக் அடிச்சு நிறுத்தி, இறங்கி, வாயில வந்ததெல்லாம் பேசினேன். "ரோட்டுலயாடா கொப்பரை காயப்போடறது? வண்டி வாசி போற வழின்னு அறிவு வேண்டாம்?"

ஒருத்தன் துண்டை உதறிக்கிட்டே வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "ஏனுங்கய்யா, ரோடு அந்தப் பக்கமுங்க. இது எங்க களம். கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நிக்கறீங்க."

திரும்பிப் பார்த்தா, நிஜந்தானுங்க. கேட் திறந்து கிடக்குது, நான் நேரா உள்ளே விட்டிருக்கறேன்.

"கேட் இருந்தா மூடி வெக்கணும்"னு சொல்லிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். வாய் மட்டும் குறையலை பாருங்க. பின்னால சம்பந்தியம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடிச்ச பிடியை விடலை.

அவங்க வாசல்ல இறங்கினாங்க. எனக்கு மோர் குடுத்தாங்க. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் பின்னால போய் நின்னு பார்த்தாங்க. அப்புறம் ஜன்னல் ஓரமா வந்து மெதுவா, மரியாதையாச் சொன்னாங்க: "சம்பந்தி, தப்பா நினைக்கப்படாது. வண்டி புகையடிக்குதுங்க. மாசமா இருக்கற புள்ளைக்கு அந்தப் புகை ஆகாது. புகை நின்னாத்தான் கோகிலாவை உங்க வண்டியில அனுப்புவேன். இல்லாட்டி டவுன்ல இருந்து வேற கார் பேசிக்கலாமுங்க."

வேற காரா? நாச்சிமுத்து டாக்சியோட மக வேற எவனோ ஓட்டற கார்லயா? எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. இருந்தாலும் நான் பொண்ணைக் குடுத்தவன். மாப்பிள்ளையோட அம்மாகிட்டக் குரலை உசத்த முடியுங்களா? "ஆகட்டுங்க சம்பந்தியம்மா, அதுக்கென்ன, ஒரு வாரத்துல நிறுத்திடறேன்"னு பல்லைக் காட்டிட்டு வந்தேன்.

"புகை என்ன நிறமுங்க, சம்பந்தி?"ன்னு அப்பத்தான் முதல் தடவையாக் கேட்டாங்க.

"வெள்ளைங்க"ன்னேன்.

"அப்படீங்களா"ன்னாங்க. அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில ஜெரால்டுன்னு ஒரு மெக்கானிக். இருபது வருஷமா என் வண்டிக்கு அவன்தான் வைத்தியம். கேஸ்கட் போச்சு, ஹெட்டைப் பிரிடான்னேன். அவன் ஸ்டார்ட் பண்ணிப் பின்னால போய் நின்னான். ஒரு தடவை என்னைப் பார்த்தான், ஒரு தடவை புகையைப் பார்த்தான்.

"அண்ணா, இது நீலம்ணா. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு குப்புன்னு வந்துட்டு அப்புறம் குறையுதுங்களா? வால்வு சீல்ணா. ராத்திரியெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டா உள்ளே இறங்கி நிக்குது."

"உனக்கு நான் புகை சொல்லிக் குடுத்தேனா, எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"ரேடியேட்டர்ல தண்ணி குறையலையேண்ணா."

"நைசாக் குடிக்குதுடா. அளவுல தெரியாது."

"ஆயில்தான குறைஞ்சிருக்குது."

"அது ஒழுகுது."

எதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தேனுங்க. சைலன்சர் வாயில வெள்ளைத் துணியைப் பிடிச்சுக் காட்டினான். எண்ணெய்ப் புள்ளி புள்ளியா விழுந்திருக்குதாம். எனக்கு அது கரியாட்டத்தான் தெரிஞ்சுச்சு. மோந்து பாருங்கண்ணா, பஜ்ஜிக்கடை வாசம் வருதுன்னான். மூக்கை நான் இருபத்தஞ்சு வயசுலயே மூக்குப்பொடிக்குக் குத்தகைக்கு விட்டாச்சு. எனக்கு ரோஜாவும் ஒண்ணுதான், வறட்டியும் ஒண்ணுதான். பாக்கி இருக்கறது காது. அது மட்டும் இன்னைக்கும் சுத்தம். எஞ்சின் நாலு சிலிண்டரும் ஒரே சீரா, தறி ஓடறாட்ட ஓடுச்சு. கேஸ்கட் போன வண்டி அப்படி ஓடாது. காது கரெக்டாச் சொல்லுச்சுங்க. நான்தான் கேக்கலை.

ஹெட்டைப் பிரிச்சான். கேஸ்கட் அச்சு முறியாம அப்படியே இருந்துச்சு. "பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும்"னு சொல்லிப் புதுசு போட வெச்சேன். புகை நிக்கலை. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி பிரிக்கச் சொன்னேன். ஜெரால்டு ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டு, "அண்ணா, தேங்காயை எத்தனை தடவை உடைச்சாலும் உள்ளே பூசணிக்காய் இருக்காதுண்ணா"ன்னான். இருந்தும் பிரிச்சான். மறுபடி புது கேஸ்கட். மறுபடி புகை. அந்த மனுசன் பொறுமைக்கு ஒரு கோயில் கட்டலாம்.

விருந்துக்கு இருபத்தஞ்சு நாள்தான் இருக்குது. வெள்ளிக்கிழமை ஆனா வண்டியை எடுத்துட்டு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போய் நிப்பேன், இன்னைக்காச்சும் நின்னுச்சான்னு காட்டறதுக்கு. அந்த வார வெள்ளிக்கிழமை என்னாச்சுன்னா, அவங்க வாசல்ல வீட்டாளுக எல்லாரையும் வரிசையா நிறுத்தி வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை, கோகிலா, பால் எடுக்க வந்தவர், அவங்க.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சம்பந்தி."

பண்ணினேன். இறங்கிப் பின்னால வந்தேன்.

"புகை என்ன நிறமுங்க, சம்பந்தி?"

"வெள்ளை."

"தம்பி, உனக்கு?" மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கிட்டு, "நீலமாட்டத் தெரியுதும்மா"ன்னார். பால்காரர், "நீலமுங்க"ன்னார். கோகிலா, என் மக, நான் பெத்தது, "அப்பா, நீலம்ப்பா. நம்ம வீட்டு சொட்டு நீலத்தைத் தண்ணியில கரைச்சாட்ட இருக்குது"ன்னா.

எனக்கு என்ன தோணியிருக்கும் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டு, பொண்ணை அனுப்பாம இருக்கறதுக்குச் சாக்குத் தேடறாங்க, என் மகளையும் அவங்க பக்கம் இழுத்துட்டாங்கன்னு தோணுச்சு. உதடு துடிச்சுச்சு. என்னத்தையோ சொல்லப் போறேன். சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமும் அன்னையோட முடிஞ்சிருக்கும். என் வாய் அப்படி.

அதுக்குள்ள சம்பந்தியம்மா முந்திக்கிட்டாங்க. கன்னத்துல கை வெச்சுக்கிட்டு, "அட ஆமாங்க. முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினவர் வெள்ளைங்கறார். நாங்க நாலு பேரும் நீலங்கறோம். எங்களுக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க சம்பந்தி. தோப்புக்கு மருந்தடிச்ச தோஷமோ என்னமோ. ஞாயித்துக்கிழமை எங்க ஊர் பள்ளிக்கூடத்துல கண் முகாம் போடறாங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணி வந்து எங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

பாருங்க, மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணு குடுத்தவன்கிட்ட வந்து, எங்க கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. எனக்கு மார்பு அப்படியே விரிஞ்சுருச்சு. "அதுக்கென்னங்க, நான் இருக்கறேன்"னேன். வீட்டுக்கு வந்து மயிலாத்தாகிட்ட, "பாவம், ஒரு வீட்ல நாலு பேருக்குக் கண்ணு போச்சு"ன்னு வருத்தப்பட்டேன். அவ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. தோள் குலுங்குச்சு. பாவம் அழறாளாக்கும்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிட்டுப் போனேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன்னு எனக்கே தெரியலைங்க. பள்ளிக்கூடத்துல நூறு பேருக்கு மேல கூட்டம். எங்க முறை வந்ததும் சம்பந்தியம்மா ஒரு அடி பின்னால போனாங்க. "சம்பந்தி, எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க முதல்ல காட்டுங்க, வலிக்குதா என்னான்னு பார்த்துக்கறோம்."

சின்னப் புள்ளையாட்டப் பயப்படறாங்களேன்னு நானே முன்னால போய் உக்காந்தேன்.

இங்கதான் என் காது எனக்குச் சதி பண்ணிப்போச்சு. முன்னால இருபது பேர் பலகையில இருக்கற எழுத்தைப் படிச்சதெல்லாம் எனக்கு மனப்பாடம். ட, ப, ம. ய, க, ர, ந. ஒரு தடவை கேட்டா விடமாட்டேன். கண்ணு பார்க்கற டாக்டர் பொண்ணு ஒரு கண்ணை மூடச் சொல்லிட்டு, "படிங்கய்யா"ன்னுச்சு. நான் மேல இருந்து கடைசி வரி வரைக்கும் தடையில்லாம ஒப்பிச்சேன். எழுந்திரிக்கவே போயிட்டேன்.

"ஐயா, ஆள் மாறறப்ப பலகையைத் திருப்பி வெச்சேன், இன்னும் முன்பக்கம் திருப்பலைங்க. பின்பக்கம்தான் இருக்குது. அதுல ஒண்ணுமே எழுதலை"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

நூறு பேர் சிரிச்சாங்க. நான் உக்காந்தேன்.

அந்தப் பொண்ணே டார்ச் அடிச்சுப் பார்த்துச்சு. "ஐயா, ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணு நல்லா முத்திப்போச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும். இடது அடுத்தாப்ல பண்ணிக்கலாம். இத்தனை நாள் எப்படிய்யா நடமாடினீங்க?"

"நடமாடலைங்க"ன்னேன். "கார் ஓட்டினேன்."

அந்தப் பொண்ணு பேனாவை மேசை மேல வெச்சுருச்சு.

மத்த நாலு பேரையும் பார்த்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. சம்பந்தியம்மா வளையலை உருட்டிக்கிட்டே, "எங்களுக்கு நல்லாத்தான் இருக்குதுங்களாமா. சரியாப் பார்த்தாங்களோ என்னமோ"ன்னாங்க. ஒரு சிரிப்பு, ஒரு குத்தல்? ஒண்ணுமில்லைங்க. அப்படி இருந்திருந்தா எனக்குச் சண்டை போடறதுக்காச்சும் ஒரு வழி கிடைச்சிருக்கும்.

நான் போய் வேப்பமரத்தடியில வண்டியில தனியா உக்காந்தேன். அந்தக் கொப்பரைக் களம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. கொப்பரை இருந்த இடத்துல ஒரு குழந்தையைத் துணி விரிச்சுப் படுக்க வெச்சிருந்தா? அங்கெல்லாம் வேலைக்கு வர்ற பொம்பளைக அப்படித்தானுங்க போட்டு வெப்பாங்க. சடசடன்னு கேட்ட சத்தம் வேற சத்தமா இருந்திருந்தா? சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்தேன். அவர் ஓட்டிட்டு வந்து என்னை வீட்ல விட்டார்.

அந்த வாரமே கோயமுத்தூர்ல வலது கண்ணுக்கு ஆபரேஷன். மறுநாள் காலையில கட்டைப் பிரிச்சாங்க. முன்னால ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருந்துச்சு. நீலம்! அதை என்னன்னு சொல்றதுங்க. வெறும் பக்கெட்டுங்க, கக்கூஸ் கழுவற பக்கெட். அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்படியொரு நீலம் உலகத்துல இருக்கறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. பல வருஷமா நான் எல்லாத்தையும் டீத் தண்ணிக்குள்ள முக்கிப் பார்த்துட்டிருந்திருக்கறேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா மயிலாத்தாளை விட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பின்னால போய் நின்னேன். இடது கண்ணை மூடினா நீலம். வலதை மூடினா வெள்ளை. இதை மூடினா நீலம், அதை மூடினா வெள்ளை. ஒரே புகை, ரெண்டு நிறம். இடதுல புரை இன்னும் இருக்குதில்லைங்க, அதுக்குத்தான் இன்னைக்கு இந்தக் கோயமுத்தூர் பயணம். நான் மாத்தி மாத்தி மூடித் திறக்கறதைப் பார்த்துட்டு மயிலாத்தா தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, என்னைப் பார்த்துத்தான் ஒருநாளும் கண்ணடிச்சதில்லை, இந்த வயசுல காரைப் பார்த்தா கண்ணடிக்கறீங்க?"ன்னா. எதிர் வீட்டுக்காரங்க வெளியே வந்து பார்த்தாங்க. சிரிக்காதீங்க, மெதுவா. அவங்க திரும்பறாங்க பாருங்க. இல்லை, ஜன்னலைத்தான் சாத்தறாங்க.

ஜெரால்டுகிட்டப் போனேன், மயிலாத்தாளோட தம்பி ஓட்டினான். இறங்கி நின்னு, "நீலம்டா ஜெரால்டு"ன்னேன்.

அவன் கையைத் துடைச்சுக்கிட்டான். மேசை டிராயரைத் திறந்தான். ஒரு சின்னப் பொட்டலம். பிரிச்சான். வால்வு சீல், எட்டும் இருந்துச்சு. சுண்டுவிரல் நுனி அளவு ரப்பருங்க. அதுக்காகத்தான் நான் ரெண்டு தடவை எஞ்சின் தலையைக் கழட்டினது.

"எப்படா வாங்கினே?"

"மாசமாச்சுண்ணா. உங்க சம்பந்தியம்மா போன் பண்ணினாங்க. நீலமாப் போகுது, ஸ்டார்ட் பண்ணினதும் குப்புன்னு வருது, என்ன மாத்தணும்னு கேட்டாங்க. சொன்னேன். வாங்கி வெச்சிரு தம்பி, ஆனா அவர் வாயால நீலம்னு சொல்ற வரைக்கும் பொட்டலத்தைப் பிரிக்காதேன்னு சொல்லிட்டாங்கண்ணா."

அன்னைக்கே எட்டையும் மாத்திப்போட்டான். ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்.

கட்டுச்சோறு அன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சு பதினாலாம் நாள். டாக்டர் ஒரு மாசம் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். அதை நான் யாருகிட்டயும் சொல்லலை. மருந்துச் சீட்டுல எழுதியிருந்தாங்க, சீட்டை மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வெச்சுட்டேன். வலது கண்ணுதான் பளிச்சுன்னு தெரியுதே, போறப்ப மச்சினன் ஓட்டட்டும், திரும்பறப்ப மகளை வெச்சுக்கிட்டு நானே ஓட்டறேன்னு உள்ளுக்குள்ள முடிவு.

விருந்து நல்லா நடந்துச்சுங்க. புளிச்சோறு, தக்காளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறுன்னு ஏழும் பந்தியில காலி. கோகிலாவுக்குக் கை நிறைய வளையல். நல்ல நேரம் பார்த்துப் புறப்படணும். மச்சினனுக்கு மெதுவா, நீ பஸ்சுல வந்துருடான்னு சைகை காட்டிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டிக்கிட்டப் போனேன்.

டிரைவர் சீட்டுல ஆள் இருக்குது.

சம்பந்தியம்மா. செருப்பைக் கழட்டிக் கீழே வெச்சுட்டு, சேலை முந்தியை இழுத்து இடுப்புல சொருகிட்டு, சீட்டை முன்னால தள்ளிப் போட்டு, தயாரா உக்காந்திருக்காங்க. வாசல்ல இருக்கற சனமெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குது.

"சம்பந்தியம்மா, என்னுங்க இது! மாமியார்க்காரி பொண்ணை வாசல்ல நின்னு அனுப்பி வெக்கறதுதான் வழக்கம். கொண்டாந்து விடறது எங்கேயும் கிடையாதுங்களே."

"வழக்கம் இல்லைதானுங்க. ஆனா புகை நின்னுச்சான்னு யாராச்சும் பார்க்கணுமில்லைங்களா? ஓட்டறவனுக்குத் தன் புகை தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. புகை பார்க்கறதுல உங்களை மிஞ்ச ஆளில்லை. பின்னால உக்காந்து பார்த்துட்டு வாங்க, சம்பந்தி. ஓட்டறது யாரு வேணாலும் ஓட்டலாம்."

இடுப்புல இருந்து மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்து மயிலாத்தா கையில குடுத்தாங்க. அரிசிப் பானை அடியில இருந்த சீட்டு. அதை எடுத்து சம்பந்தியம்மாகிட்டக் குடுத்தவளும் அவதான், இப்ப திருப்பி வாங்கினவளும் அவதான். என் மூஞ்சியைக்கூடப் பார்க்காம முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டா.

நான் பின்னால ஏறினேன், கோகிலா பக்கத்துல. முப்பத்தெட்டு வருஷத்துல என் வண்டி பின் சீட்டுல நான் உக்காந்தது அதுதான் முதல் தடவை. நல்ல மெத்தைங்க. சனங்க குடுத்து வெச்சவங்க.

எடுத்தாங்க. டிராக்டர் கால், கிளட்சை மிதிச்சா முக்கிக்கிட்டு நகருமின்னு நினைச்சேன். வெண்ணெய்யாட்ட நகர்ந்துச்சு. நான் திரும்பி, முட்டி போட்டு, சின்னப் பையனாட்டப் பின் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே வந்தேன். ரோடு பின்னால ஓடுது. ரெண்டு பக்கமும் தென்னை. உடுமலை தாண்டி ஒரு ஏத்தம், நல்லா மிதிச்சாங்க.

"இப்ப புகை என்ன நிறமுங்க, சம்பந்தி?"

பார்த்தேன். வானம் நீலமா இருந்துச்சு, ரோடு கருப்பா இருந்துச்சு. நடுவுல எதுவுமே இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. சுத்தமா நின்னுபோச்சு."

"வலது கண்ணுலயா, ரெண்டுலயுமா?"

வலதை மூடினேன். இடதை மட்டும் திறந்து பார்த்தேன். பொய் சொல்லலாம்னுதானுங்க நினைச்சேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பக்கத்துல மக வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு, வளையல் குலுங்காம, என்னையே பார்த்துட்டிருக்கறா.

"இடதுல... வெள்ளையா அடிக்குதுங்க"ன்னேன்.

சம்பந்தியம்மா மேல இருக்கற கண்ணாடியை ஒரே விரலால சித்தத் திருப்பி, என் மூஞ்சி தெரியறாப்ல வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் டாப் கியருக்கு மாத்தினாங்க.